இலக்கம் பதினேழுக்கு ஒரு சுபநேரம்

கண்டி வாவிக்கரையிலிருந்து மேலே ஏறும் தெருவொன்றில் ஒரு காரியாலயம் இருக்கிறது. அங்கே போனால் உங்கள் வயதைச் சொல்வார்கள். உங்களுக்குத் தெரிந்த வயதைத்தான் சொல்வார்கள், ஆனால் முத்திரை குத்திச் சொல்வார்கள். பிறப்பைப் பதியாமலே பிறந்துவிட்டவர்களுக்காக ஏற்பட்ட இடம் அது. பெயர், வயது உறுதிப்படுத்தல் உப காரியாலயம். வாசலில் மூன்று மொழியிலும் எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அம்புக்குறி காட்டுகிற கதவு பூட்டிக் கிடக்கும். உள்ளே போகிற வழி பின்பக்கம், சைக்கிள் கொட்டகையை ஒட்டி.

ஹுன்னஸ்கிரிய தோட்டத்துக் கணபதிக்கு அந்தப் பின்வழி நான்கு மாதமாகப் பழக்கம். அறுபத்தொரு வயது மனிதர். தேயிலை ஃபெக்டரியில் முப்பத்தைந்து வருடம் ரோலர் மெசின்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். ரோலர் ஒரு மணி நேரம் நின்றால் வாட்டி வைத்த கொழுந்து முழுக்கக் கெட்டுப்போகும். அதனால் அவர் அறிந்த உலகத்தில் மெசின் நின்றால் எல்லோரும் ஓடுவார்கள். தோட்டத்துத் துரைகூட ஓடி வருவார். மெசின் நின்றால் எல்லோரும் உட்காருகிற ஓர் உலகமும் உண்டு என்பதை அவர் இந்தக் காரியாலயத்தில்தான் கண்டார்.

அவருக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கணபதி பிறந்த மாதத்தில் தோட்டத்துப் பிறப்புகளை எழுதுகிறவர் லீவில் போயிருந்தார். திரும்பி வந்தவர் விட்டுப்போனதை எழுதவில்லை. ஆகவே அரசாங்கத்தின் பார்வையில் கணபதி இன்னும் பிறக்கவில்லை. பிறக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். அதை வாங்கத்தான் இந்த நடை.

பாஸ்போர்ட் எதற்கு? கோத்தகிரியில் அவருடைய அக்கா அழகம்மா படுக்கையில் கிடக்கிறாள். ஐம்பது வருடத்துக்கு முன்னால், தோட்டத்து ஆட்களைத் திருப்பியனுப்பும் ஒப்பந்தத்தில் அவள் கட்டிக்கொண்டு போன குடும்பத்துக்கு இந்தியாவுக்குச் சீட்டு விழுந்தது. கணபதியின் அப்பாவுக்கு விழவில்லை. தலைமன்னாரில் அவள் கப்பலேறியபோது கணபதிக்குப் பதினொரு வயது. தாயில்லாத வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அடித்து வளர்த்தவள் அந்த அக்காதான். இப்போது அவளுக்கு எழுபது நடக்கிறது. இருதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு மகன் இளங்கோவிடம் தினமும் ஒரே கேள்வி கேட்கிறாள்: "தம்பி கப்பல் ஏறிட்டானா?"

அந்தக் கப்பல் நின்று நாற்பது வருடமாகிறது. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அன்று திங்கட்கிழமை. சான்றிதழை வாங்கிப் போக வரச் சொல்லியிருந்தார்கள். கணபதி வெள்ளைச் சட்டை போட்டு, முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். லிகிதர் பஸ்லினா அவரைக் கண்டதும் முகத்தைத் தொங்கப் போட்டாள். வத்தேகமையிலிருந்து வேலைக்கு வருகிற பிள்ளை, இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

"ஐயா, ஒங்கட சேர்ட்டிபிகேட் ரெடி. வெள்ளிக்கிழம நானே டைப் பண்ணி முடிச்சன். பிரின்ட் எடுத்து சைன் வெக்க மட்டுந்தான் ஈக்கி."

"அப்ப எடுத்துக் குடுங்க பிள்ள."

"அது இதுக்குள்ளதான் ஈக்கி." மேசையில் இருந்த கணினியைக் காட்டினாள். அதன் நெற்றியில் வெள்ளைப் பெயின்டால் 17 என்று எழுதியிருந்தது. "இது காலையிலருந்து எழும்புதில்ல."

பொத்தானை அமுக்கிக் காட்டினாள். உள்ளே காற்றாடி சுற்றியது. மூன்று தரம் கீச்சென்று கத்தியது. திரை கறுப்பாகவே கிடந்தது.

கணபதி காதைச் சாய்த்துக் கேட்டார். முப்பத்தைந்து வருடம் மெசின்களின் சத்தத்தைக் கேட்ட காது அது. "மோட்டர் ஓடுது பிள்ள. கரண்டு வருது. உள்ளுக்கு எங்கயோ ஒண்ணு தொடல. தொறந்து பாத்தா தெரிஞ்சுரும்."

"தொறக்கிறதோ?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

உதவி ஆணையாளர் தியாகராஜா நின்றார். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்காரர். இருபத்திரண்டு வருடமாகக் கண்டியில் இருக்கிறார். ஒழுங்கு தவறாத மனிதர், லஞ்சம் தொடாதவர், ஒரு கோப்பில்கூட அடித்தல் திருத்தல் செய்யாதவர். அப்படிப்பட்டவர்களிடம் அகப்படுவதைப்போலக் கஷ்டம் வேறில்லை.

"ஐயா, இது அரசாங்கச் சொத்து. மூடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, பாருங்கோ. அது கிழிஞ்சால் நான் கொழும்புக்குப் பதில் சொல்ல வேணும்."

"அப்ப யாருங்க திருத்துவாங்க?"

"திருத்திறது சின்ன விசயம். மெசின் நிண்டிட்டுது எண்டு ஏற்றுக்கொள்ளுறதுதான் பெரிய விசயம். முதலில பழுது முறைப்பாட்டுப் படிவம் நிரப்ப வேணும்."

"நெரப்பிருவோங்க."

"ஓம். ஆனால் அந்தப் படிவத்தைக் கணினியிலதான் நிரப்பலாம். கையால எழுதினால் ஏற்கமாட்டினம். போன வருசத்துச் சுற்றுநிருபம்."

கணபதி கேட்டார்: "அந்தப் படிவம் எந்தக் கணினியில இருக்குதுங்க?"

தியாகராஜா இலக்கம் பதினேழைப் பார்த்தார். பஸ்லினா ஜன்னலைப் பார்த்தாள்.

காரியாலயத்தில் இன்னொரு கணினியும் இருந்தது. அது தியாகராஜாவின் மேசையில், வந்த நாள் போட்ட பொலித்தீன் உறையோடு இருந்தது. அதில் கணபதியின் சான்றிதழை மறுபடி டைப் பண்ணட்டுமா என்று பஸ்லினா கேட்டாள். தியாகராஜா அதிர்ந்து போனார்.

"பிள்ளை, என்ன கதைக்கிறீர்? இவருக்குப் பதினேழில ஒரு இலக்கம் திறந்தாச்சு. மற்றதில இன்னொரு இலக்கம் திறந்தால், பதிவேட்டில இவர் ரெண்டு தரம் பிறந்தவராகிப் போவார். ஒரு ஆள் ரெண்டு தரம் பிறக்கேலுமோ?"

ஒரு தரமே இன்னும் பிறக்கவில்லையே என்று கணபதி சொல்ல நினைத்தார். படிவம் நிரப்ப முடியாத பழுதைத் தீர்மானிக்கப் புதன்கிழமை ஒரு குழு வரும், அன்றைக்கு வாருங்கள் என்றார்கள்.

புதன்கிழமை குழு வந்தது. கணினி எழும்பவில்லையா என்று தீர்மானிக்கும் குழு. மூன்று பேர் இருக்க வேண்டும். கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து குளிர் கண்ணாடி போட்ட ஓர் உத்தியோகத்தர் வந்தார். கட்டடப் பகுதியிலிருந்து, மாடிப்படிகளை அளக்கிற ஒருவர் வந்தார். மூன்றாமவருக்கு வயிற்றுக் கோளாறு. மூன்று பேர் இல்லாமல் குழு கூடாது. குழு கூடாமல் கணினி பழுதாகாது. எல்லோரும் மர வாங்கில் உட்கார்ந்திருந்த கணபதியைப் பார்த்தார்கள்.

"பொதுமக்கள் தரப்பில ஒரு சுயாதீன உறுப்பினர் இருக்கலாம் எண்டு சுற்றுநிருபத்தில இருக்கு," என்றார் தியாகராஜா. "ஐயா மெசின் தெரிஞ்சவர்."

"ஆனால் இவருக்கு வயது உறுதியாகவில்லையே," என்றார் கொழும்புக்காரர். "சிறுவர்கள் இந்தக் குழுவில் இருக்க முடியாது."

அதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். நரைத்த தலையோடு கணபதி நடுவில் நின்றார். கடைசியில், வயதுக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வைக்கலாம் என்று முடிவானது.

பிறகு ஒவ்வொருவராகப் பொத்தானை அமுக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் அது மூன்று தரம் கத்தியது. கட்டடப் பகுதிக்காரர் மேசையின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டார். கொழும்புக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓர் ஐயத்தைக் கிளப்பினார்: "இது எழும்பவில்லையா, எழும்ப மறுக்கிறதா? மறுக்கிறது என்றால் கடைசியாகப் பாவித்தவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்."

கடைசியாகப் பாவித்தவள் பஸ்லினா என்பது கணபதிக்குத் தெரியும். "இல்லீங்க," என்று அவசரமாகச் சொன்னார். "இதுவா எழும்பலீங்க. யாரும் ஒண்ணும் செய்யல."

"சுயாதீன உறுப்பினரின் கருத்து பதிவு செய்யப்படுகிறது," என்றார் கொழும்புக்காரர். 'இக்கணினி எழும்பாது என ஏகமனதாக உறுதிப்படுத்தப்படுகிறது' என்று எழுதிய தாளில் கணபதி மூன்றாவதாகக் கையெழுத்து வைத்தார். நடுக்கமில்லாத, வட்டமான எழுத்து.

"நல்லதுங்க. இனி எப்பங்க திருத்துவீங்க?"

"அறிக்கை கொழும்புக்குப் போகும். அங்கிருந்து அங்கீகரிக்கப்பட்ட திருத்துநர் வருவார்."

"எப்பங்க வருவாரு?"

குழு கலைந்துவிட்டது என்றார்கள். கலைந்த குழுவிடம் கேள்வி கேட்க முடியாதாம்.

இளங்கோ வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். "மாமா, நேத்து அம்மாவுக்கு மூச்சு ரொம்பத் திணறிப் போச்சு. இன்னைக்குக் கொஞ்சம் தேவல. நீங்க வர்ற அன்னைக்குத் தலை சீவி விடணும்னு சொல்றாங்க. எப்ப வர்றீங்க மாமா?" கணபதி அதை பஸ்ஸில் மூன்று தரம் கேட்டார். பதில் அனுப்பப் பொத்தானை அமுக்கிப் பிடித்தார். என்ன சொல்வது? மெசின் எழும்பலப்பா என்று சொன்னால் யார் நம்புவார்கள்? விரலை எடுத்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் திருத்துநர் வரவில்லை. வாங்கில் காத்திருந்த கணபதியிடம் பஸ்லினா ஒரு கோப்பை மறைத்துப் பிடித்தபடி வந்து, மெல்லிய குரலில் சொன்னாள்: "ஐயா, என்ட தாத்தாட மாப்புள கெலிஓயாவுல கம்பியூட்டர் கடை வெச்சீக்கார். வரச் சென்னன். பெரியவர் சாப்பிடப் போற நேரத்துல வருவார்."

தாத்தா என்று அவள் சொன்னது தன் மூத்த சகோதரியை என்பது கணபதிக்குத் தெரியும்.

பன்னிரண்டரைக்குத் தியாகராஜா குடையை எடுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அந்த மச்சான் பஹீம் ஹெல்மெட்டும் கையுமாகப் பின்வழியால் வந்தான். நாற்பது வயது இருக்கும், கலகலப்பான ஆள். பொத்தானை ஒரு தரம் அமுக்கி, அந்த மூன்று கீச்சையும் கேட்டுச் சிரித்தான்.

"இதுக்கா ஒரு கெழமை? மெமரி தொடுப்பு விட்டீக்கி. தூசி. கடைக்கு வார பத்து மெசின்ல நாலு இதுதான். பஸ்லி, ஒரு அழிறப்பர் தாங்கோ."

"ஸ்டோருல ஈக்கி மச்சான். ஆனா படிவம்..."

"படிவமா? ஐயோ!" மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தான். அதன் பின்னாலிருந்த சின்ன றப்பரைப் பார்த்தான். "இது காணும், போதும்."

ஸ்டிக்கரை நகத்தால் உரித்து மூடியைக் கழற்றினான். உள்ளேயிருந்து ஒரு விரல் நீளப் பச்சைப் பட்டையை உருவி, அதன் மஞ்சள் ஓரத்தைப் பென்சில் றப்பரால் தேய்த்து, வாயால் ஊதி, திரும்பவும் சொருகினான். டக்கென்று ஒரு சத்தம். கணபதி அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டினார். ஒன்று தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் எந்த மெசினிலும் அதேதான்.

பஸ்லினா பொத்தானை அமுக்கினாள். கீச்சு இல்லை. திரை நீலமானது. அவள் எதையெதையோ திறந்தாள். ஓர் எழுத்துப் பலகைபோல அந்தச் சான்றிதழ் வந்து நின்றது: 'கணபதி, தகப்பன் பெயர் மாடசாமி. உத்தேச வயது 61.' கீழே: 'நோக்கம்: இந்தியாவில் வசிக்கும் சகோதரியைச் சந்தித்தல்.'

கணபதி குனிந்து தன் பெயரைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

"பிரின்ட் குடுங்க பிள்ள. குடுங்க."

பிரின்டர் முனகியது. முனகி நின்றது. கடதாசி இல்லை. கடதாசி அலுமாரியில். அலுமாரிச் சாவி தியாகராஜாவின் இடுப்பில்.

அன்று தியாகராஜா சாப்பிடுகிற கடையில் மீன் முடிந்துவிட்டது. அதனால் பத்து நிமிடம் முன்னதாக வந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. திரையைப் பார்த்தார், கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்தார், கதிரையில் உட்கார்ந்தார்.

"இது ஓடுது," என்றார்.

"ஓம், சேர். சின்னப் பிரச்சின," என்றான் பஹீம்.

"தம்பி, உமக்கு விளங்கேல்லை. இது ஓடக்கூடாது. இது எழும்பாது எண்டு மூண்டு பேர் கையெழுத்து வைச்சுக் கொழும்புக்கு அறிக்கை போயிருக்கு. இப்ப இது ஓடுதெண்டால் அந்த அறிக்கை பொய். அரசாங்கத்துக்குப் பொய் அறிக்கை அனுப்பின குழு எண்டு ஆகும்." கோப்பைத் திறந்து கணபதியிடம் நீட்டினார். "ஐயா, இது ஆற்றை கையெழுத்து?"

"ஏங் கையெழுத்துதாங்க."

"எழும்பாது எண்டு நீங்களே உறுதிப்படுத்தியிருக்கிறியள். இப்ப எழும்புது எண்டு நீங்களே நிக்கிறியள். நான் எந்தக் கணபதியை நம்பிறது?"

கணபதிக்கும் அது தெரியவில்லை.

"தம்பி," என்று தியாகராஜா பஹீமிடம் திரும்பினார். குரல் கெஞ்சலாகவே இருந்தது. "தயவு செய்து இதைப் பழைய மாதிரிப் பழுதாக்கி விட்டிட்டுப் போங்கோ."

பஹீம் அவரை மேலும் கீழும் பார்த்தான். "சேர், பதினஞ்சு வருஷமா இந்தத் தொழில் செய்றன். மெசினைக் கெடுத்துத் தாங்கோண்டு கேட்ட மொத ஆள் நீங்கதான். நான் செய்ய மாட்டன். இந்த மனுசன்ட கடுதாசி உள்ளுக்கு ஈக்கி."

"அப்பிடியெண்டால் ஸ்டிக்கர் கிழிஞ்சதுக்கு நான் விளக்கம் எழுத வேணும். வெளியாளைக் கூப்பிட்டது ஆர் எண்டு கேப்பினம்." அவர் பஸ்லினாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். "பிள்ளைக்கு வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாசம் இருக்கு."

பஸ்லினா பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பரவால்ல ஐயா, நீங்க பிரின்ட் எடுங்கோ" என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தித் தியாகராஜாவைப் பார்த்தாள்.

கணபதி திரையில் இருந்த தன் பெயரை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு பஹீமின் தோளில் கை வைத்தார்.

"கழட்டிருங்க தம்பி."

"ஐயா..."

"பிள்ளைக்கு வேல போயிரும். கழட்டிருங்க."

பஹீம் அந்தப் பச்சைப் பட்டையை உருவி மேசையில் வைத்தான். திரை கறுத்தது. தியாகராஜா பொத்தானை அமுக்கிப் பார்த்தார். மூன்று கீச்சு. அப்பாடா என்று மூச்சு விட்டார். ஸ்டிக்கர் திருத்துநர் வந்தால் எப்படியும் கிழியத்தானே வேண்டும். உண்மையிலேயே நல்ல மனிதர். அன்று கணபதிக்குத் தன் கைக்காசில் பால் விடாத ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார்.

அங்கீகரிக்கப்பட்ட திருத்துநர் அதற்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்தார். மேசையில் கிடந்த பட்டையை எடுத்து அதன் இடத்தில் சொருகினார். 'பாரிய உள்ளகத் திருத்தம் மேற்கொள்ளப்பட்டது' என்று எழுதி, புது ஸ்டிக்கர் ஒட்டி, பின்னேர ரெயிலுக்கு ஓடினார். கணபதி வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஐயா, இப்ப எடுக்கலாங்களா?"

தியாகராஜாவின் முகத்தில் முதல் தரமாகச் சந்தோஷம் தெரிந்தது. "எடுக்கலாம். ஆனால் இண்டைக்கில்லை. அறிக்கையைப் பார்த்த மேலிடம் இதைக் கணினிமயத்தின்ரை மீளெழுச்சி எண்டு சொல்லுது. புதன்கிழமை மீள் இயக்க வைபவம். பிரதம அதிதி வாறார். சுபநேரமும் குறிச்சாச்சு, பத்து நாற்பத்தி மூண்டு. அதுக்கு முதல் ஆரும் பொத்தானில கை வைக்கேலாது. நீங்கள்தான் முதல் பயனாளி. பேப்பரில படம் வரும்."

"எங்கக்காவுக்கு ஒடம்புக்கு ரொம்ப முடியலீங்க. ஒரு தடவ அமுக்கி ஒரு தாள் எடுத்தாப் போதுங்க. பெறகு அணைச்சுரலாம். யாருக்குந் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, ஐயா," என்றார் தியாகராஜா வருத்தத்தோடு.

வெள்ளிக்கிழமை காலை இளங்கோ குரல் அனுப்பவில்லை. நேரே எடுத்தான்.

"மாமா."

அந்த ஒரு சொல்லிலேயே கணபதிக்கு விளங்கிவிட்டது. தோட்டத்து லயத்து வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"விடிய அஞ்சு மணிக்கு மாமா. கஷ்டப்படல. தூக்கத்துலயே..." அவன் கொஞ்ச நேரம் அழுதான். கணபதி போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் பெண்களின் சத்தம் கேட்டது. "மாமா, பொறந்த வீட்டுக் கோடி போடணும்னு பெரியவங்க உக்காந்திருக்காங்க. அதப் போடாம எடுக்கக்கூடாதுங்கறாங்க. என்ன மாமா செய்ய?"

பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டுச் சேலையைப் போர்த்தித்தான் அனுப்புவார்கள். அழகம்மாவின் பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது கணபதி ஒருவர்தான்.

"நீயே ஒண்ணு வாங்கிப் போடு சாமி. ஏம்பேரச் சொல்லிப் போடு."

"என்ன கலர் மாமா?"

கணபதி வாயைத் திறந்தார். அக்காவுக்கு என்ன நிறம் பிடிக்கும்? பத்தொன்பது வயதில் போனவள். அவளுக்குப் பிடித்த நிறம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஐம்பது வருடத்தில் கேட்டதுமில்லை.

"ஒங்கம்மா என்ன கலரு கட்டுவா?"

"பச்சை, மாமா."

"அப்ப பச்சையே போடு."

வைப்பதற்கு முன் இளங்கோ சொன்னான்: "பதினாறாம் நாளுக்காவது வந்துருங்க மாமா. அம்மாவோட ஆளுன்னு ஒருத்தராவது நிக்கணும்." கணபதி விரல் விட்டு எண்ணினார். புதன்கிழமை சான்றிதழ் வந்தால், வியாழன் பாஸ்போர்ட்டுக்கு ஓடலாம், பிறகு விசா. முட்டி மோதினால் முடியும். "வர்றேன் சாமி," என்றார்.

அதற்காகத்தான் புதன்கிழமை போனார்.

காரியாலயத்தின் பூட்டிய முன்கதவை அன்று திறந்திருந்தார்கள். வாழைத்தோரணம், குத்துவிளக்கு, ஒரு தட்டில் பாற்சோறு. இலக்கம் பதினேழுக்குச் சாமந்தி மாலை போட்டுச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். கணபதியின் சட்டையில் 'பயனாளி' என்று ஓர் அட்டையைக் குத்திவிட்டார்கள். பஸ்லினா தூரத்திலிருந்து அவரைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

பத்து நாற்பத்திமூன்றுக்குப் பிரதம அதிதி பொத்தானை அமுக்கினார். திரை நீலமானது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பிரதம அதிதி சிங்களத்தில் ஐம்பது நிமிடம் பேசினார். அறிவிப்பாளர் அதைத் தமிழில் சுருக்கிச் சொன்னார்:

"முன்பெல்லாம் மக்கள் காரியாலயத்தைத் தேடி அலைந்தார்கள். இன்று காரியாலயம் மக்களுக்காகக் காத்திருக்கிறது. இந்தக் கணினி மூன்று வாரம் உறங்கியது. உறங்கியபோதும் ஒரு தகவலைக்கூட அது வெளியே விடவில்லை. அதுதான் பாதுகாப்பு! இன்று அது விழித்திருக்கிறது, ஐம்பது வருடம் பிரிந்திருந்த ஓர் அக்காவையும் தம்பியையும் சேர்த்துவைப்பதற்காக!"

பிரின்டர் ஓடியது. கடதாசி நிறைய இருந்தது. சான்றிதழைப் பிரதம அதிதி இரண்டு கையாலும் நீட்ட, கணபதி இரண்டு கையாலும் வாங்கினார். படம் எடுத்தார்கள். சரியாக விழவில்லை என்று மறுபடி கொடுத்து மறுபடி வாங்கச் சொல்லி எடுத்தார்கள். மைக்கை அவர் வாயருகே பிடித்தார்கள்.

"ரெண்டு வார்த்தை சொல்லுங்கள் ஐயா. அக்காவிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?"

"அக்கா வெள்ளிக்கிழம எறந்துட்டாங்க," என்றார் கணபதி.

அறிவிப்பாளர் அனுபவசாலி. பிரதம அதிதியின் பக்கம் திரும்பி, பயனாளி பேச்சு வராத அளவுக்கு நெகிழ்ந்து போயிருக்கிறார் என்று சிங்களத்தில் சொன்னார். எல்லாவற்றையும்விடப் பெரிய கைதட்டல் அதற்குத்தான் விழுந்தது. பாற்சோறு பரிமாறினார்கள்.

ஆனால் தியாகராஜாவுக்குத் தமிழ் தெரியும். கூட்டம் கலைந்ததும் கணபதியை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார். கண் கலங்கியிருந்தது.

"ஆழ்ந்த அனுதாபம் ஐயா. எனக்கும் ஒரு அக்கா இருந்தவா." மேசைக்கு மேலால் கையை நீட்டினார். "அந்தச் சான்றிதழை ஒருக்காத் தாங்கோ."

கணபதி கொடுத்தார்.

"இதில நோக்கம் எண்டு என்ன போட்டிருக்கு? 'இந்தியாவில் வசிக்கும் சகோதரியைச் சந்தித்தல்.' அவ இப்ப வசிக்கேல்லையே."

"பதினாறாம் நாளுக்குப் போறேங்க. கருமாதிக்கு."

"அது வேறை நோக்கம். உண்மையைச் சொன்னால், எங்கட பட்டியலில அப்பிடியொரு நோக்கம் இல்லை. நான் கொழும்புக்கு எழுதி அதைச் சேர்ப்பிக்கலாம். அதுக்குப் பிறகு புது விண்ணப்பம். தொண்ணூறு வேலை நாள்."

"இதையே கொண்டு போறேங்க ஐயா. யாரு கேக்கப் போறா?"

"தெரிஞ்சுகொண்டு பொய்ச் சான்றிதழ் குடுத்தவன் எண்டு நான் இருக்கேலாது." சான்றிதழை மெதுவாக இரண்டாக மடித்து, கோப்புக்குள் வைத்தார். "இதை ரத்துச் செய்யவேணும். பிறகு புதுசுக்கு எழுதுவம். ஓமே?"

கோத்தகிரியில் ஒரு வீட்டில் இளங்கோ நாள் எண்ணிக்கொண்டிருப்பான்.

"புதுசு வேணாங்க," என்றார்.

ரத்துச் செய்கிற வேலை பஸ்லினாவிடம் வந்தது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு இலக்கம் பதினேழின் முன்னால் உட்கார்ந்தாள். ரத்துக்கான காரணத்தைத் தெரிவு செய்யும்படி அது கேட்டது. காரணத்தை எழுத இடமில்லை. மூன்றில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். கணபதிக்குக் கேட்கும்படி அவள் வாசித்தாள்.

"ஒன்று, விண்ணப்பதாரர் மரணம். ரெண்டு, ஒரே ஆள் ரெண்டு தரம் விண்ணப்பிச்சது. மூணு, விண்ணப்பதாரர் சேவையில் திருப்தி அடைந்தமை." அவள் திரும்பிப் பார்த்தாள். "இதுல ஒண்டும் சரியில்ல ஐயா. நான் மூணாவதப் போடட்டா? அதுல ஒரு பாதிப்பும் இல்ல."

"மூணாவது பொய்யில்லையா பிள்ள?"

"ரெண்டாவது?"

"ஒரு தடவதானே வந்தேன்." கணபதி எழுந்து சட்டையிலிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். "மொதலாவதப் போடுங்க."

"ஐயா, அது போட்டா நீங்க மவுத்துண்டு விழும். பொறகு ஒரு நாளும் ஒண்டும் எடுக்கேலாது."

"இனி நா எங்க போகணும் பிள்ள? போடுங்க."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்; திரையில் அம்பு முதலாவதன்மேல் நின்றது. அவர் குனிந்து, மேசையிலிருந்த மவுசைப் பிடித்திருந்த அவள் விரலை, பிள்ளைக்கு எழுதப் பழக்குகிறவர்போல, மேலிருந்து மெல்ல அமுக்கினார்.

இலக்கம் பதினேழு உடனே ஏற்றுக்கொண்டது. ஒரு கீச்சுக்கூட இல்லை. சான்றிதழ் ரத்தானதால், மீள் இயக்கத்துக்குப் பிறகு அது செய்து முடித்த முதல் வேலை அதுதான் என்று மாதாந்த அறிக்கையில் தியாகராஜா எழுதினார். எடுத்த நேரம், ஒரு நிமிடத்துக்கும் குறைவு.